‘காண்க’ அட்டைக்குக் கூலி இல்லை

என் பணி ஓய்வு விழாவில் ஒருவர், “இனி எல்லாம் கம்ப்யூட்டர், நூலகருக்கு என்ன வேலை?” என்றார். கைதட்டலும் கிடைத்தது. பட்டியல் என்றால் புத்தகப் பெயரை டைப் அடிப்பது என்றே வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

அது அப்படியல்ல என்பதற்கு ராஜாஜியை எடுத்துக்கொள்வோம். 1878-இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த எங்கள் ஊர்க்காரர். ராஜாஜி, இராஜாஜி, ச. ராஜகோபாலாச்சாரி, சி. ராஜகோபாலாச்சாரியார் என்று பதிப்புக்கு ஒரு பெயர். ஆங்கிலத்தில் எழுதியவை தனி. கன்னடமும் தெலுங்கும் புழங்கும் ஊர் என்பதால் அந்த எழுத்துகளிலும் அவரைத் தேடி வருவார்கள். எந்தப் பெயரைத் தலைப்பாக வைப்பது? எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த நூலகர் இதற்காக நாள்கணக்கில் யோசிப்பார். முடிவானதும் மற்ற ஒவ்வொரு பெயருக்கும், தலைப்பான பெயரைப் பார்க்கச் சொல்லும் ஒரு ‘காண்க’ அட்டை. பன்னிரண்டரைக்கு ஏழரை சென்டிமீட்டர் அட்டையில் பெயர் முதல் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனாலும் கிழித்துவிடுவார். “எந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தாலும் வாசகர் வெறுங்கையோட திரும்பக் கூடாதுப்பா” என்பார். சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1934-இல் பட்டியல் விதிகளாக எழுதி வைத்ததை நான் அந்த மூத்த நூலகரின் மேசையில்தான் படித்தேன்.

பட்டியலைக் கணினிக்கு மாற்றியபோது பதிவுக்கு இவ்வளவு என்று கூலி பேசினார்கள். வந்த பிள்ளைகள் அட்டைப் பெட்டியைத் திறக்கவே இல்லை. புத்தகங்களுக்கு வரிசை எண் கொடுக்கும் அக்சஷன் பதிவேட்டைப் பார்த்து அடித்தார்கள். ‘காண்க’ அட்டைக்குப் பின்னால் புத்தகம் கிடையாது. ஆகவே அக்சஷன் எண் இல்லை, கூலியும் இல்லை. அத்தனை அட்டைகளும் தேக்குப் பெட்டியோடு எடைக்குப் போயின.

கணினியை நான் குறை சொல்லவில்லை. நியூசிலாந்தில் 2000-இல் ஓடத் தொடங்கிய கோஹா என்ற நூலக மென்பொருளில் ஆசிரியரின் எல்லாப் பெயர்களையும் ஒரே இடத்தில் கட்டிவைக்க ‘அத்தாரிட்டி’ பதிவு இருக்கிறது. நாங்கள் அட்டை அட்டையாக எழுதியதை ஒரே தடவையில் முடித்துவிடலாம். அதை நிரப்பத்தான் ஆள் இல்லை. புதிதாக வந்தவர்களிடம் கேட்டால், “கூகுள்ல பாத்துக்குவாங்க சார்” என்கிறார்கள். நம் அலமாரியில் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்?

இன்று எங்கள் நூலகத்தில் ‘இராஜாஜி’ என்று தேடினால், 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சக்கரவர்த்தித் திருமகன்’ வராது. அது வேறு பெயரில் பதிவாகியிருக்கிறது. புத்தகம் இல்லை என்று பள்ளிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். ராஜாஜியின் பெயர்களை மட்டும் கட்டிவைக்க ஒரு பகல் போதும். கூப்பிட்டால் நாளைக்கே வருகிறேன், சம்பளம் வேண்டாம்.