நகைக்கு ஐந்தாவது காரணம்

தொல்காப்பிய வகுப்பு. மெய்ப்பாட்டியல். கரும்பலகையில் ‘நகை – 4’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: “நாலு சவரனா மேம்?”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆசிரியர் சிரித்தால் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும் என்று பணியில் சேர்ந்த நாளில் யாரோ சொன்ன அறிவுரை இன்னும் உள்ளே இருக்கிறது. கீழே விழாத சாக்பீஸைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் தொல்காப்பியர், முதலாவதாக வைப்பது நகையைத்தான். அழுகைக்கும் அச்சத்துக்கும் பெருமிதத்துக்கும் முன்னால் சிரிப்பு. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் இகழ்ச்சி, கேலி. இளமை, சிறுபிள்ளைத்தனம். பேதைமை, அறியாமை. மடன் என்பது சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, கடைசிவரை விடாமல் இருப்பது.

இருபது ஆண்டுகளாக இதை நடத்துகிறேன். அன்றைக்குத்தான் அந்தச் சவரன் பெண் இன்னொன்று கேட்டார். “மேம், பேதைங்கறது பொண்ணோட ஏழு பருவத்துல மொதப் பருவம்தானே? மடம் நமக்குச் சொன்ன நாற்குணத்துல ஒண்ணுதானே? அப்போ இந்த லிஸ்ட்ல பாதி நாமதான். நம்மளப் பாத்து மத்தவங்க சிரிக்கறதுக்குக் காரணம் இருக்கு. நாம சிரிக்கறதுக்கு என்ன காரணம்?”

பதில் தெரியாத ஆசிரியர்கள் செய்வதை நானும் செய்தேன். வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒரு வாரம், நீங்கள் சிரித்த ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டு வாருங்கள். எந்தக் காரணத்தால் பிறந்த நகை என்று பக்கத்தில் எழுதுங்கள். நியாயமாக இருக்கட்டும் என்று நானும் ஒரு நோட்டுப் போட்டேன்.

மூன்று நாளில் எனக்கே ஒன்று புரிந்தது. வீட்டில் நான் சிரிப்பது குறைவு. ஆசிரியர் அறையில் சிரிப்பது இன்னும் குறைவு. அங்கே சிரித்தால் யாரைப் பற்றி என்று கேட்பார்கள். என் நோட்டில் இருந்தவற்றில் பெரும்பாலானவை காலை ஏழரை மணிக்கு மேல், திருமுல்லைவாயிலில் நான் ஏறும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் நடந்தவை.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய தடம் இது. இன்று இந்தத் தடத்தில்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதித் தலை பின்னி, மீதியை ரயிலில் பின்னிக்கொண்டு வேலைக்குப் போகிறோம். எங்கள் பெட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது. இறங்கும் நிலையம்தான் பெயர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர் பட்டரவாக்கம் அக்கா. நர்ஸாக இருப்பவர் வில்லிவாக்கம் சிஸ்டர். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு தொடுத்தபடியே வருபவர் பூக்காரம்மா. நான் தமிழ் மேடம். அகப்பாடலிலும் தலைவி, தோழி, செவிலி என்பதற்கு மேல் யாருக்கும் பெயர் இல்லை. ஆனால் அங்கே தோழிக்கு என்று ஒரு கதையும் இல்லை. தலைவியின் கதையைச் சுமப்பதுதான் அவள் வேலை. எங்கள் பெட்டியில் எல்லோரும் தோழிகள், எல்லோரிடமும் ஒரு கதை.

அந்த வாரத்தின் வியாழக்கிழமை அம்மாவை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. கண்புரை. அம்மா வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து இருந்தது பூந்தமல்லியில். பஸ்தான் அவருக்குப் பழக்கம். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகுதான் என்னோடு இருக்க வந்தார். அந்த எட்டு மாதமும் வீட்டில் டிவியின் சத்தத்தைக்கூட அம்மா கூட்டவில்லை. பெரியம்மா தொலைபேசியில் அடிக்கடி விசாரிப்பார், “அவ எப்படி இருக்கா, அழறாளா?” என்று. அழுதேன் என்றால் அவருக்கு நிம்மதி.

பெட்டியில் நல்ல கூட்டம். அம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் ரிப்போர்ட்டும் தண்ணீர் பாட்டிலும் இருந்த பை. உட்கார இடம் கொடுத்தார்கள். “ரெண்டு ஸ்டேஷன் போகட்டும்” என்று நின்றுகொண்டே வந்தார்.

அம்பத்தூர் தாண்டும்போது பட்டரவாக்கம் அக்காவின் போன் அடித்தது. அவர் இறங்குவதற்குத் தயாராக இரண்டு கைகளிலும் பை வைத்திருந்தார். பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தார். அக்காவின் வீட்டுக்காரர். அன்று அவருக்கு வார விடுமுறை.

“ஏய், பருப்புக்கு எத்தினி விசிலு?”

அக்கா வாயைத் திறக்கும் முன்பே பெட்டி பதில் சொன்னது. “மூணு!” என்றார்கள் ஒரு பக்கம். “நாலு விடணும்” என்றார்கள் ஜன்னல் பக்கம். “ஊற வெச்சாராமா, அதக் கேளுங்க மொதல்ல” என்றார் வில்லிவாக்கம் சிஸ்டர், மருந்துச் சீட்டு படிக்கும் குரலில்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “யார்மா அதெல்லாம்?”

“ஊரே இருக்குது. நீ விசில எண்ணு” என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து எங்கள் ரயில் நீளமாக ஹாரன் அடித்தது. பூக்காரம்மா தொடுப்பதை நிறுத்தாமல், தலையையும் நிமிர்த்தாமல் சொன்னார்: “இது ஒண்ணு.”

பெட்டி வெடித்தது. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சிரிப்பு வரும்போது அம்மாவின் வலது கை வாய்க்குப் போய்விடும். அன்று ஒரு கையில் கம்பி, மறு கையில் பை. இரண்டில் எதையும் விட முடியாது. வாய்விட்டுச் சிரித்தார். மேல் வரிசையில், கோரைப் பல்லுக்கு அடுத்து ஒரு பல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சந்து இருந்தது.

என் அம்மாவுக்கு ஒரு பல் இல்லை என்று எனக்கு நாற்பத்து நான்கு வயதில் தெரிந்தது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். என் முதல் கவிதைத் தொகுப்பில் அம்மாவின் அந்தக் கையைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. சிரிக்கும்போது வாயைப் பொத்தும் கை, தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் வாயில் போடப்பட்ட பூட்டு என்று எழுதியிருந்தேன். வெளியீட்டு விழாவில் அந்தக் கவிதைக்குக் கைதட்டல் கிடைத்தது. ஒரு மாணவி தன் ஆய்வேட்டில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கினார். அம்மா கவிதை படிப்பதில்லை. புத்தகத்தைச் சாமி அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்.

பெரம்பூருக்கு மேல் கூட்டம் குறைந்து இருவருக்கும் இடம் கிடைத்தது.

“பல்லு எங்கம்மா?”

“அது போயி முப்பது வருஷம் ஆவுது. நீ ஒம்போதாவது படிச்ச.”

“அதுக்கா கையை வெச்சுப்ப?”

“பின்ன? சந்து தெரியாது?”

“நான் கூச்சம்னு நெனச்சேன்.” கவிதையையும் சொன்னேன். பூட்டு வரைக்கும் சொன்னேன்.

அம்மாவின் மடியில் இப்போது கை சும்மாதான் இருந்தது. அதைத் தூக்க மறந்து இன்னும் பலமாகச் சிரித்தார். “அடிப்பாவி, என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? அதுக்குள்ள புக்கே போட்டுட்டியே!”

சென்ட்ரலில் இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பெரியம்மாகிட்ட சொல்லாத. நான் இப்படிச் சிரிச்சேன்னு.”

பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு என்பது நம் ஊர்ப் பழமொழி. தொண்டை மண்டலத்தில் எத்தனையோ ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் உண்டு. கோடையில் பாரதக் கூத்து நடக்கும். மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் வழுக்கி விழுந்ததைப் பார்த்துப் பாஞ்சாலி சிரித்தாள், அதனால்தான் போர் வந்தது என்பார்கள். சூதாடியவர்கள், துகிலைப் பற்றி இழுத்தவன், ஊசி முனை நிலமும் தர மறுத்தவன் எல்லோரையும் விட்டுவிட்டு, பழியை ஒரு சிரிப்பின் மேல் போடுவதில் நமக்குச் சிரமமே இல்லை.

இது பழங்கதை மட்டுமா? 2014 ஜூலையில் துருக்கியின் துணைப் பிரதமர் புலென்ட் அரின்ச், பெண்கள் பொது இடத்தில் உரக்கச் சிரிக்கக் கூடாது என்று பேசினார். அந்நாட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கும் தங்கள் படங்களால் ட்விட்டரை நிரப்பினார்கள். 2018 பிப்ரவரியில் நம் மாநிலங்களவையில் பிரதமர் பேசும்போது ரேணுகா சவுத்ரி உரக்கச் சிரித்தார். அவைத்தலைவர் கண்டித்தார். ராமாயணத் தொடருக்குப் பிறகு இப்படிப்பட்ட சிரிப்பைக் கேட்கும் பாக்கியம் இன்றுதான் கிடைத்தது என்று பிரதமர் சொல்ல, அவையில் பலர் சிரித்தார்கள். ஒரு பெண் சிரித்தது ஒழுங்கீனம். அவரைப் பார்த்து அத்தனை பேர் சிரித்தது நகைச்சுவை.

அன்று இரவு படுத்திருக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். “ஏன் பல்லு கட்டிக்கல?”

“புடுங்கறதுக்குக் கம்மியா கேட்டாங்க. கட்டறதுக்கு நெறைய சொன்னாங்க. உனக்கு ட்யூஷன், தம்பிக்கு ஸ்கூல் ஃபீஸ். உங்கப்பாவும் கேட்டாரு, கட்டிக்கறியான்னு. எனக்கென்ன, சிரிக்கவா போறேன்னு சொல்லிட்டேன்.”

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா கொடுமைக்காரர் அல்ல. அவர் கேட்டார். அம்மா வேண்டாம் என்றார். அவர் அதை நம்பி முப்பது ஆண்டுகள் அப்படியே பிடித்துக்கொண்டார். மடன் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் விளக்கம் இதுதான். பெண்ணின் குணம் என்று படித்தது ஓர் ஆணிடம் இவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று நினைத்ததில்லை. அந்த முப்பது ஆண்டுகளில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி பல முறை மாறியது. டிவிஎஸ் 50 வந்தது. என் முனைவர் பட்டத்துக்காக அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போய், மீண்டு வந்தன. அந்த நகையை மீட்க எங்களுக்கு நினைவிருந்தது.

ஆக என் கவிதையில் பிழை இருந்தது. அம்மாவின் வாயை யாரும் பூட்டவில்லை. வீட்டுக் கணக்கு நோட்டில் அம்மாவின் வரி கடைசியில் இருந்தது. மாதா மாதம் அந்த வரி வருவதற்கு முன்பே பணம் தீர்ந்துபோனது. அந்த வரிசையை எழுதியது அம்மாவின் கைதான். அப்படி எழுதத்தான் அந்தக் கைக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பூட்டு என்று எழுதியது எனக்கு எளிதாக இருந்தது. கேட்டிருந்தால் நானும் அந்தக் கணக்கில் வரவு வைத்தவள் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் மாணவிகள் நோட்டுகளோடு வந்தார்கள். விடுதியில் நள்ளிரவில் ஒரே தட்டில் மூவர் மேகி தின்றபோது வந்த சிரிப்பு. கல்யாண வீட்டில், பெண் பார்க்க வந்தவர்களைப் பார்த்து அத்தையும் தானும் சமையலறையில் சிரித்தது. பேருந்தில் கூட்டம் தள்ளியதில் தன் செருப்பை விட்டுவிட்டு வேறொருவர் செருப்போடு இறங்கியது. எள்ளல், இளமை, பேதைமை என்று பக்கத்தில் எழுதி, பிறகு அடித்திருந்தார்கள். பல இடங்களில் கேள்விக்குறி. “எதுலயும் அடங்கல மேம்” என்றார்கள். ஐந்தாவது காரணம் என்ன என்று கரும்பலகையில் எழுதச் சொன்னேன். ‘யாரும் பார்க்கவில்லை’ என்று ஒருவர் எழுதினார். ‘கூட்டு’ என்று எழுதினார் சவரன் பெண். “காய்கறிக் கூட்டா?” என்று பின்வரிசை கேட்டது. இந்த முறை நான் சாக்பீஸ் தேடவில்லை. அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். வகுப்பு கையைவிட்டுப் போகவில்லை.

அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்தது. பிறகு பல்லும் கட்டினோம். கழற்றி மாட்டும் பல்தான் போதும் என்றுவிட்டார். அதை ஒரு சின்ன டப்பாவில் வைத்திருக்கிறார். கல்யாணம், கோயில் என்றால் மாட்டிக்கொள்வார். என்னோடு எழும்பூருக்கு வரும் நாட்களில் டப்பா வீட்டிலேயே இருக்கும்.

“ரயிலுக்கு எதுக்கு அது?” என்கிறார். “அவங்கதான் எல்லாரும் பாத்தாச்சே.”