எங்கள் புறவாசல் தோட்டம்

"தை பிறந்தால் வழி பிறக்கும்" என்பது பழமொழி. எங்கள் ஊரில் தை பிறக்கும்போது பறவைகளும் வந்திருக்கும். நெல்லை மாவட்டம் நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளம்தான் எங்கள் ஊர். 1994ஆம் ஆண்டு அரசு இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வடகிழக்குப் பருவமழையில் குளம் நிரம்பியதும், இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வரும். மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டோரத்து மரங்களிலேயே கூடு கட்டும். எங்கள் ஊரில் யாரும் அவற்றைத் துரத்தமாட்டார்கள்.

அப்பாவும் அப்படித்தான். மும்பையில் வேலை பார்க்கும் அவர் பொங்கலுக்கு வருவார். புறவாசலைக் கொத்தி, பாத்தி கட்டி, விதை ஊன்றிவிட்டுத்தான் திரும்புவார். ஆனால் சென்ற ஆண்டு அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பறவைகள் வந்தன, அப்பா வரவில்லை. "இந்த வருஷம் நீயே தோட்டம் போடும்மா" என்று தொலைபேசியில் சொன்னார்.

மண்வெட்டி பிடித்ததில் கையெல்லாம் கொப்புளம். வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினேன். முளை கண்டதும் எனக்குப் பொறுமை இல்லை. பறவை எச்சம் நல்ல உரம் என்று கேள்விப்பட்டிருந்ததால், வேப்பமரத்தடியில் கிடந்ததை வாரி வந்து செடிகளின் தூரில் குவித்தேன். நான்கே நாளில் இலைகள் கருகிவிட்டன. அன்றிரவு அப்பா கேட்டபோது, "நல்லா இருக்குப்பா" என்று பொய் சொல்லிவிட்டேன். தூக்கமே வரவில்லை.

காலையில் ஆச்சியிடம் அழுதேன். "ஏட்டி, பச்சை எச்சம் வேரைச் சுட்டுரும். சாணி, மண்ணோட சேர்த்து மக்க விட்டுத்தான் போடணும்" என்றார். அதில் தழைச்சத்து மிகுதி என்று எங்கள் அறிவியல் ஆசிரியையும் விளக்கினார். இம்முறை குளத்து வண்டலைப் பரப்பி மீண்டும் விதைத்தேன். அப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன். அவரோ சிரித்துவிட்டு, "முதல் வருஷம் நானும் அப்படித்தான் கருக்கினேன்!" என்றார்.

சித்திரையில் அப்பா வந்தார். மரத்தில் நாரைக் குஞ்சுகள் சிறகடித்துப் பழகிக்கொண்டிருந்தன. என் கையால் பறித்த வெண்டைக்காயை ஆச்சி பொரியல் செய்தார். அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த மகிழ்ச்சியை எழுத எனக்கு வார்த்தைகள் இல்லை.

அன்புத் தோழியரே! நீங்களும் வீட்டில் நான்கு விதை ஊன்றிப் பாருங்கள். கருகினால் மறைக்காதீர்கள், பெரியவர்களிடம் கேளுங்கள். மண் மறுபடியும் முளைக்கத்தான் காத்திருக்கிறது.