முட்டி ஆபரேஷனும் தலையில மாட்டுற கண்ணாடியும்



போன வாரம் அன்னதானப் பந்தியில ரெண்டு மூணு பேர் கேட்டீங்க, "அந்தத் தம்பி பிசியோன்னு போய் வீடியோ கேம் விளையாடுறானாமே, அதுக்கு எதுக்கு எம்.சி.?" அது அவன் அம்மா காதுலயும் விழுந்துருச்சு. அதனாலதான் எழுதுறேன்.

தம்பி என் லைன்ல வேலை செய்றவன். வேலைக்கு வர்ற வழியில மோட்டார் சறுக்கி, முட்டிக்குள்ள தசைநார் அறுந்துபோச்சு. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடிச்சு வெச்சிருக்கிற கயிறுன்னு நினைச்சுக்குங்க. டாக்டர் அவன் தொடைக்குப் பின்னால இருந்தே ஒரு நாரை எடுத்து அந்த இடத்துல கட்டினாங்க.

ஆபரேஷன் ஒரு நாள் காரியம். கஷ்டம் அதுக்கப்புறம்தான். தொடைச் சதை வத்திப்போகும். அதைவிட மோசம் பயம். முட்டியைப் பாத்துக்கிட்டே நடப்பான், எடை முழுக்க நல்ல கால்லயே இருக்கும்.

இங்கதான் அந்த விளையாட்டு. கண்ணாடியை மாட்டினா பந்து பறந்து வரும், பலகைப் பாலம் தெரியும். ஒதுங்கணும், குனியணும், ஒத்தக் கால்ல நிக்கணும். கவனம் பந்து மேல போறதால முட்டி தானா மடங்குது. 2007-ல நிண்டெண்டோ கம்பெனி விட்ட வீ விளையாட்டுப் பலகைகூட, எந்தக் கால்ல எவ்வளவு எடை விழுதுன்னு காட்டும். கம்பெனியில நாங்க மெஷின் மீட்டர் பாக்கிற மாதிரிதான். ஆனா சிலருக்குத் தலை சுத்தும், பக்கத்துல பிசியோ நிக்கணும். வழக்கமான பயிற்சியையும் விடக்கூடாது, இது அதுக்குத் துணைதான். வீட்டுல பையனோட செட்டை மாட்டிக்கிட்டுத் தனியா குதிச்சிறாதீங்க!

இப்ப நாலு மாசம் ஆச்சு, வலி இல்ல, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன்னு நிக்கிறான். நான் வேணாம்னு சொல்லிட்டேன். வலி போனதும் நார் பலமாயிருச்சுன்னு அர்த்தமில்ல. பந்து விளையாடவே டாக்டருங்க குறைஞ்சது 9 மாசம்னு சொல்றாங்க. காவடி ஆட்டத்துல பாதம் ஊனி உடம்பு சுழலுது பாருங்க, அந்தத் திருப்பல்தான் நாரை அறுக்கிறது. அடுத்த வருஷம் எடுத்தா முருகன் வட்டி கேக்க மாட்டார். தண்ணிப் பந்தல்ல உக்காந்து சேவை செய்யட்டும். ரெண்டு வாரமா என்கூட பேசல, பேசாட்டிப் போகட்டும்.

எங்க அப்பா காலத்துல பால்மரம் வெட்டுறவங்களுக்கு முட்டி போனா எண்ணெய் தடவுறதோட சரி. இப்ப சொக்சோ இருக்கு. வேலைக்குப் போற வர்ற வழியில விபத்துன்னாலும் சேரும். முதலாளி 48 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும். மலாக்காவுல 2014-ல திறந்த சொக்சோ துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கு. தம்பின், ரெம்பாவ் ஆளுங்களுக்குத் தூரமே இல்ல. திரும்ப வேலைக்குச் சேர உதவுற திட்டமும் 2007-ல இருந்து நடக்குது.

ஃபாரம் நிரப்பத் தெரியலன்னா வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் செருப்பு வைக்கிற இடத்துல இருப்பேன். ஐ.சி., எம்.சி. சீட்டு, போலீஸ் ரிப்போர்ட் மூணும் கொண்டாங்க.