தோட்டத்துப் பக்கம்

காலை ஐந்தரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, நான் பார்க்கப் போன அம்மா பாதி மல்லியைப் பறித்து முடித்திருந்தார். பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து நடக்கும் தொலைவில், இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. பின்னால் முக்கால் சென்ட் மண்.

"தோட்டத்துப் பக்கம் வா கண்ணு. செருப்ப அங்கேயே உட்டுடு."

நானும் பறிக்கிறேன் என்று கைவைத்தேன். மூன்று மொட்டு கிள்ளினேன். அவற்றில் இரண்டு தப்பு. அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டைத்தான் எடுக்க வேண்டும். அது நன்றாக வெளுத்து உருண்டிருக்கும். அடியில் லேசாகப் பச்சை தட்டினால் நாளைக்கு. "காம்போட கிள்ளும்மா. காம்பு இல்லன்னா நார்ல நிக்காது." பேசிக்கொண்டே செடிக்குள் கை விடுகிறார், விரலுக்கே வெள்ளை எது, பச்சை எது என்று தெரிகிறது.

பூவிருந்தவல்லிதான் பூந்தமல்லி ஆனது. 11ஆம் நூற்றாண்டில், ராமானுஜர் காலத்தில், திருக்கச்சி நம்பிகள் இங்கே நந்தவனம் வைத்துக் காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வடக்கே ஆவடிக்குப் பக்கத்தில் திருமுல்லைவாயில். அங்கே முல்லைக்கொடி தொண்டைமானின் யானைக் காலைச் சுற்றி நிறுத்தியதாகத் தலபுராணம். பெயரிலேயே பூ உள்ள ஊர்கள். இன்று அங்கெல்லாம் பிளாட் போட்டு விற்ற நிலத்தில், மண் தெரிகிற இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே இந்த முக்கால் சென்ட் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

குளியலறைத் தண்ணீர் விழும் இடத்தில் கல்வாழை, அடுத்து சேம்பு, அதற்கப்பால் வாழை. சோப்புத் தண்ணீரைக் கீரைப் பக்கம் விடுவதே இல்லை. அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்கு. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, தெருவெல்லாம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது, கத்திரியையும் வெண்டையையும் விட்டுவிட்டாராம். "எல்லாத்தையும் காப்பாத்தப் பாத்தா எல்லாம் போயிடும். மல்லிக்கு மட்டும் ஊத்தினேன்." சொல்லும்போது குரல் கம்மியது. அந்தக் கத்திரிக்கு விதை அவர் மாமியார் கொடுத்தது.

எனக்கும் கத்திரி போன கதை உண்டு. அம்பத்தூர் வீட்டு மாடியில் பைகளில் நட்ட நாற்று, பத்தே நாளில் இலை ஓரம் கருகி நின்றது. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போட்டேன். இதைச் சொன்னதும் அந்த அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தேங்கா நார்த்தூள ஊற வச்சு, தண்ணிய மாத்தினியா?" மாற்றவில்லை. நார்த்தூளில் இருந்த உப்பு அப்படியே வேரில் இறங்கியிருக்கிறது.

கார்த்திகை மாதத்தில் மழை விட்டதும், மல்லிக்குத் தண்ணீரை நிறுத்திவிடுகிறார். பிறகு முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் செடி செத்துவிட்டது என்று துக்கம் விசாரிப்பார்களாம். மாசியில் துளிர்த்து, பங்குனி, சித்திரையில் மொட்டுத் தாங்காமல் கிளை வளைகிறது.

ஆறரைக்குத் திண்ணையில் பூக்கட்டு ஆரம்பம். நனைத்த வாழைநாரில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஓர் இழுப்பு. முழம் போடும்போது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் விடுகிறார். "என் கை குட்டை. வாங்கறவங்க ஏன் நஷ்டப்படணும்?" நடுவில் கீரைக்கு ஆள் வருகிறது. முளைக்கீரையை வேரோடு பிடுங்கித் தருகிறார். அரைக்கீரையை மட்டும் இரண்டு விரல் விட்டு அறுக்கிறார், மறுபடி தழைக்க வேண்டுமே. இந்த வேலையைப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் ஒருநாள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது தயிர் டப்பாவில் வேர்விட்ட மல்லிப் பதியன் ஒன்றைக் கொடுத்தார்.

"பத்து நாள் நெழல்ல வை. மேல் மண்ணத் தொட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்து. வர்ற கார்த்திகைக்கு வெட்டாத, சின்னது. அடுத்த கார்த்திகைக்கு என்னக் கூப்பிடு, நான் வந்து வெட்டித் தரேன்."