கைத்தொழிலும் கல்லூரிப் படிப்பும்

நாடகம் கண்டு மகிழ்வோர் நடிகரைப் போற்றுவர், ஆசிரியரைப் போற்றுவர். மன்னன் ஏந்திய வாளையும், தூதன் நீட்டிய ஓலையையும், ஏழை வீட்டு மண்குடத்தையும் ஆக்கித் தந்தவர் யார் என வினவுவோர் அரியர். மேடைக்காரர் ‘ப்ராப்பர்ட்டி’ என வழங்கும் அரங்கப் பொருள்களை ஆக்குவதும் ஒரு தொழிலே. படிக்கும் காலத்திலேயே அதனைப் பயிலலாமா என்னும் வினா, தில்லியில் வாழும் எங்கள் இல்லத்தில் எழுந்தது.

எங்கள் மகள் வணிகவியல் மாணவி. கல்லூரி நாடகக் குழுவில் நடிக்கச் சேர்ந்தவள், நாளடைவில் பசையும் காகிதமும் கையுமாகவே காணப்பட்டாள். விடுமுறையில் நகரத்து நாடகக் குழு ஒன்றில் ஊதியமின்றிப் பணிபுரிய விரும்பினாள். ஊர்விட்டு ஊர் வந்து, கல்வி ஒன்றையே மூலதனமாகக் கொண்டு குடும்பத்தை நிலைநிறுத்திய நம்மனோர்க்கு இத்தகைய விருப்பம் கலக்கம் தருவது இயல்பே. தேர்வு என்னாவது, ஊதியமில்லா உழைப்பால் விளைவது என்ன என்று நாங்களும் பன்முறை சிந்தித்தோம். முடிவில் சில வரம்புகளுடன் இசைந்தோம். தேர்வு மாதத்தில் போகலாகாது. இரவு நேரமானால் நாங்கள் சென்று அழைத்து வருவோம். வழிச்செலவையேனும் குழு தருதல் வேண்டும். இவற்றை அவள் கேட்டாள், அவர்களும் ஏற்றனர்.

அவளுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு மண்குடம். நாடகத்தில் அது நாள்தோறும் கீழே விழுந்து உடைய வேண்டும். உடையும் ஓசை கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். ஆனால், வெறுங்காலுடன் ஆடும் நடிகையின் பாதத்தில் ஓடு தைக்கலாகாது. அங்கிருந்த முதிய தச்சர் வழி காட்டினார். குடத்தை முன்கூட்டியே உடைத்து, ஓடுகளின் உட்புறத்தில் மெல்லிய துணியை ஒட்டி, விளிம்புகளை மட்டும் வலுவற்ற பசையால் இணைத்தனர். குடம் விழுந்தது, ஓசை எழுந்தது, ஓடுகள் துணியோடு தங்கின. மறுநாள் மீண்டும் ஒட்டினர். பார்வையாளருக்கு அது குடம். நடிகைக்கு அது நம்பிக்கை. இவ்வுண்மையை எந்த நூல் இத்துணை விரைவில் உணர்த்தும்?

காகிதக் கூழால் கிரீடம் செய்யும்போது ஒரு படலம் காய்ந்த பின்னரே மறுபடலம் ஒட்ட வேண்டும். தில்லியின் குளிர்காலத்தில் அது எளிதில் காயாது. அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு காட்சிக்குமுன் மேசையில் கோடிட்ட இடத்தில் அந்தந்தப் பொருள் உள்ளதா எனச் சரிபார்ப்பதும் இத்தொழிலின் பகுதியே. கணக்கேடு எழுதக் கற்றவளுக்கு அஃது இயல்பாகக் கைவந்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபை போன்ற குழுக்களில், சிறுவர்கள் ஆசிரியருடன் தங்கியே நாடகக்கலை பயின்றனர். அவ்வாழ்க்கை இன்றில்லை. தலைநகரில் 1959இல் நிறுவப்பெற்ற தேசிய நாடகப் பள்ளி மூன்றாண்டுப் பயிற்சி அளிக்கின்றது. அதில் சேரப் பட்டத்தோடு நாடக அனுபவமும் வேண்டும். எனவே, கல்லூரி நாள்களில் பெறும் பயிற்சி வீண்பொழுது அன்று. மேற்குத் தில்லியின் தித்தார்பூரில் தசராவுக்குமுன் மூங்கிலைப் பிளந்து வளைத்து இராவண உருவம் கட்டுவோரை ஒரு பிற்பகல் நின்று நோக்கினாலும் கற்பன பலவுண்டு.

எங்கள் மகள் இத்தொழிலையே மேற்கொள்வாளா என்பது இன்னும் முடிவாகவில்லை. தேர்வில் குறைவின்றித் தேறினாள். செய்த பொருள்களின் படங்களையும் செலவுக் கணக்கையும் ஒரு குறிப்பேட்டில் தொகுத்து வைத்துள்ளாள். நாளை வேலை கேட்டுச் செல்லுமிடத்தில் அவளுக்காகப் பேசுவது அதுவே. உங்கள் இல்லத்துப் பிள்ளை பசைக் கையோடு வந்து நின்றால், உடனே மறுத்துவிடாதீர்கள். வரம்பு வகுத்து வாய்ப்பளியுங்கள். நம் சங்கத்துப் பொங்கல் நாடகத்திற்கும் கிரீடங்கள் தேவைப்படுகின்றனவே!