என்னோடு பிறந்த வாத்தியம்

மனிதனுக்குப் பிறந்த ஆண்டு ஒன்றே என்று எண்ணுகிறவர்கள் ரயில்வே அலுவலகத்தின் பணிப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏட்டில் ஓர் ஆண்டு, ஜாதகத்தில் வேறோர் ஆண்டு என்று இரட்டை வயதோடு வாழ்கிறவர்கள் நம்முள் பலர். அடியேனும் அவர்களுள் ஒருவன். பத்தாம் வகுப்புச் சான்றிதழின்படி நான் பிறந்தது 1990ஆம் ஆண்டு மே மாதம். ஜாதகத்தின்படியோ பிரஜோற்பத்தி ஆண்டு ஐப்பசி மாதம், அதாவது 1991. பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்றதும், என் தந்தையார் ஒன்றரை ஆண்டைக் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டார். அரசாங்கத்துக்குச் சான்றிதழே பிரமாணம். எனக்கு ஜாதகமே பிரமாணம்.

கரக்பூர்த் தமிழர்களின் பொங்கல் விழா மெல்லிசைக் குழுவில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேஸ் கித்தார் வாசித்து வருகிறேன். நான்கே தந்திகள் கொண்டு மந்தர ஸ்தாயியில் ஒலிக்கும் வாத்தியம் அது. சபையோர் பாடகரைக் கேட்பார்கள். எங்களைக் கேட்க மாட்டார்கள். ஆனால் நாங்கள் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டால் பாட்டின் அடித்தளமே சரிந்துவிடும். இளையராஜாவின் பாடல்களை ஊன்றிக் கேட்ட அன்பர்கள், பாட்டுக்கு அடியில் வேறொரு பாட்டாக அது ஓடுவதை அறிவார்கள்.

என்னோடு பிறந்த ஒரு பேஸ் கித்தாரை வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1991ஆம் ஆண்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அவ்வாண்டு மார்ச்சில்தான் லியோ பெண்டர் காலமானார். 1909இல் பிறந்த அவர் நம்மைப் போலக் கணக்கெழுதிப் பிழைத்தவர். அவ்வேலை போனபின் 1938இல் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் வானொலி பழுது பார்க்கும் கடை வைத்தவர். கித்தார் வாசிக்க அறியாத அந்த மனிதர்தாம் 1951இல் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் மின் வாத்தியத்தை உருவாக்கினார். அதற்குமுன் ஆளுயரப் பெருவயலினைச் சுமந்து, நின்றபடி வாசித்தார்கள். அதில் மெட்டுகள் இல்லை; சுருதியைச் செவியாலேயே பிடிக்க வேண்டும். பெண்டர் வீணையில் இருப்பதுபோல மெட்டுகளைப் பதித்துச் சுருதியைத் துல்லியமாக்கினார். பெயர்க் காரணமும் அதுவே. 1960இல் ‘ஜாஸ் பேஸ்’ வந்தது. 1982 முதல் ஜப்பானிலும் அக்கம்பெனியின் பெயரில் கித்தார்கள் செய்யப்பட்டன. அமெரிக்க வாத்தியம் குமாஸ்தாவுக்கு எட்டாது. ஜப்பானியது ஒருவேளை எட்டும்.

சென்ற ஆண்டு கல்கத்தாவில் ஒன்று கிடைப்பதாகத் தகவல் வந்தது. 115 கிலோமீட்டர் ரயிலில் சென்று பார்த்தேன். உரியவர் முதிய வங்காளி. பார்க் தெரு உணவகங்களில் வாசித்தவர். நாங்கள் அவரைத் தாதா என்றே அழைப்போம். விரல் மூட்டுகள் வீங்கிவிட்டதால் இனி வாசிக்க இயலாது என்றார். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து, 1991ஆம் ஆண்டுச் சரக்கு என்று சொல்லி விற்றாராம். விலை 55,000 ரூபாய்.

வரிசை எண் ‘எல்’ என்ற எழுத்தில் தொடங்கியது. அவ்வெழுத்து 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் பொது. ஏப்ரலில் தொடங்கும் நம் பிரஜோற்பத்தியும் அவ்விரண்டு ஆண்டுகளைத் தொட்டதே அல்லவா? ஐயம் தீர ரவீந்திர சரணியில் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கழுத்தைப் பிரித்துப் பார்த்தோம். அடியில் இருந்த முத்திரை 1992 மார்ச்சைக் காட்டியது.

தாதாவின் முகம் வாடியது. “நான் கேட்டதைச் சொன்னேன், தம்பி. ஐயாயிரம் குறைத்துக் கொடு” என்றார். மருந்துச் செலவுக்காகவே அவர் விற்கிறார் என்பதை அதற்குள் அறிந்திருந்தேன். மறுமொழி சொல்ல நா எழவில்லை; வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லித் திரும்பினேன்.

என்னிடம் இருந்தது மூன்று ஆண்டுப் போனஸ். ஆண்டுக்கு 17,951 ரூபாய் வீதம் 53,853 ரூபாய். 50,000 என்றால் கைக்குள் முடியும். மீதிக்குப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கலாம். நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். “வாத்தியத்துக்கு ஒரு வயது கூட்டிச் சொன்னது குற்றமானால், உங்களுக்கு ஒன்றரை வயது கூட்டிச் சொன்ன மாமாவுக்கு என்ன தண்டனை? உங்கள் சம்பளத்தை அதற்காகக் குறைத்தார்களா? பேசிய விலையைக் கொடுத்துவிடுங்கள்” என்றாள். குறைந்த 1,147 ரூபாயை அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தாள்.

முழுத் தொகையையும் தாதாவின் கையில் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை; வாத்தியத்தை மடியில் வைத்து, வீங்கிய விரலால் தடித்த தந்தியை ஒருமுறை மட்டும் மீட்டிவிட்டுக் கொடுத்தார்.

முத்திரை 1992ஐக் காட்டினாலும் சித்திரை பிறக்குமுன் செய்தது. ஆகவே அதுவும் பிரஜோற்பத்தியே. ஆனால் இப்போது அக்கணக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு பொருளின் பிறந்த நாளை முத்திரை சொல்லும். அது யார் கையில் எப்படி வாழ்ந்தது என்பதை அதன் தேய்மானமே சொல்லும். இந்த வாத்தியத்தில் கட்டைவிரல் பதிந்த இடத்தில் வண்ணம் போய் மரம் தெரிகிறது.

பழைய பேஸ் கித்தார் வாங்க எண்ணும் அன்பர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில வார்த்தைகள். வரிசை எண்ணை மட்டும் நம்பலாகாது. கழுத்தும் உடலும் வெவ்வேறு வாத்தியங்களிலிருந்து சேர்ந்தவையாகவும் இருக்கலாம். கழுத்தை ஒரு கண்ணால் நோக்கி, வளைவு உண்டா என்று பாருங்கள். தந்திகளின் இழுப்பைத் தாங்க உள்ளே எஃகுக் கம்பி ஒன்று உண்டு; அதன் திருகு சுழலாவிட்டால் விட்டுவிடுங்கள். மெட்டுகள் பள்ளம் விழாமல் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரை மணி நேரம் வாசித்துப் பாருங்கள்.

வருகிற பொங்கல் விழாவில் இவ்வாத்தியம் முதன்முறையாக நம் மேடை ஏறும். தாதாவுக்கும் ஓர் அழைப்பிதழ் அனுப்பும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.