தேய்ந்த கத்திகள்

தபால்தலை சேர்ப்பவர் உண்டு. நாணயம் சேர்ப்பவர் உண்டு. நம் விடுதியிலேயே தீப்பெட்டிப் படம் சேர்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர்களையெல்லாம் ரசிகர்கள் என்று போற்றும் உலகம், நான் பழைய சவரக் கத்தி சேர்க்கிறேன் என்றதும் ஓர் அடி பின்வாங்குகிறது. பிறகு என் கன்னத்தை உற்றுப் பார்க்கிறது. இருபத்து மூன்று வயதாகியும் அங்கே அறுவடைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

நான் சொல்வது இன்று சலூன்களில் காணும், பாதி பிளேடைச் செருகிக்கொள்ளும் கருவியை அன்று. பிடிக்குள் மடங்குகிற, கல்லிலும் தோல்வாரிலும் தீட்டுகிற, நம் பாட்டனார் காலத்து முழுக் கத்தி. புனேயில் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரில், பழைய பூட்டுகளுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே, அவை கேட்பாரற்றுக் கிடக்கும். சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சென்ற ஆண்டு முதல் கத்தியை வாங்கினேன். இன்று பதினொன்று இருக்கின்றன.

கத்தி வாங்குவது எளிது, படிப்பதுதான் கடினம். அலகு பிடியோடு சேரும் இடத்தில், செய்தவரின் முத்திரை கட்டை விரல் அகலத்துக்குள் வெட்டப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன், ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா ஆகிய மூன்று ஊர்களின் பெயர்களே அடிக்கடி வரும். இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று 1890-ஆம் ஆண்டு அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் செய்தது. ஆகவே 'இங்கிலாந்து' என்ற சொல் பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். எங்கோ வாஷிங்டனில் போட்ட சட்டம், ஜூனா பஜாரில் ஒரு சாக்குத் துணியின்மேல் கிடக்கும் கத்திக்கு வயது சொல்கிறது!

என் கத்திகளுள் ஒன்றில் 'வெள்ளி எஃகு' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் உள்ளன. அந்தப் பெயரின் கதை நம் நாட்டு உலைக்களத்தில் தொடங்குகிறது. மைக்கேல் ஃபாரடே என்றால் நமக்கு மின்சாரந்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கொல்லர் மகன், மின்சாரத்தில் புகழ் பெறுமுன், ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரோடு சேர்ந்து எஃகைத்தான் ஆராய்ந்தார். இந்தியாவிலிருந்து போன 'வூட்ஸ்' எஃகின் மேன்மை எதனால் வந்தது என்பதே அவர்கள் தேடிய விடை. அது தென்னாட்டார் மூசையிலிட்டு உருக்கிய எஃகு. நம் கொடுமணலிலும் அத்தகைய தொழிலின் தடயங்கள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. அதைப் போன்ற ஒன்றைச் செய்யும் முயற்சியில், எஃகுடன் வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த எஃகு நன்றாக வந்தது என்று 1822-இல் எழுதினார்கள். அந்தக் காலத்தில் ஃபாரடே தம் எஃகில் செய்த சவரக் கத்திகளை நண்பர்களுக்குப் பரிசளித்ததும் உண்டு. பிறகு 'வெள்ளி எஃகு' என்ற பெயர் வியாபாரிகள் கைக்குப் போயிற்று. அப்பெயர் தாங்கிய கத்திகளில் எல்லாம் வெள்ளி இருக்கும் என்று நம்புகிறவர், சந்தனச் சோப்பை அரைத்துப் பூசிக்கொள்ளத் தக்கவர்.

பிடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கொம்பு, எலும்பு, தந்தம், செல்லுலாய்டு என நால்வகை. தந்தத்தின் வியாபாரத்தை நம் நாட்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. அந்தப் பக்கம் நான் போவதில்லை. செல்லுலாய்டு வேறு விதத்தில் பொல்லாதது. நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த அந்தப் பொருள், வயதானபின் மெல்லச் சிதைந்து நைட்ரிக் அமில ஆவியை விடும். தன் கத்தியைத் தானே அரிப்பதோடு, அதே பெட்டியில் படுத்திருக்கும் குற்றமற்ற கத்திகளையும் அரிக்கும். ஆகையால் என் செல்லுலாய்டுப் பிடிகள் தனிப் பெட்டியில், காற்றோட்டத்தோடு, ஜாமீன் கிடைக்காத கைதிகளைப்போல் இருக்கின்றன.

இனித்தான் முக்கிய விஷயம். சேகரிப்பாளர் உலகத்தில் கத்திக்கு விலை, அது எவ்வளவு குறைவாகப் பயன்பட்டது என்பதைப் பொறுத்தது. அகலம் குறையாத அலகு, பூவேலை அழியாத முதுகு, பெட்டியை விட்டு வெளியே வராத வாழ்வு ஆகியவற்றுக்கே மதிப்பு. தேய்ந்த கத்திக்கு மதிப்பில்லை. நான் தேய்ந்ததைத்தான் தேடுகிறேன்.

காரணம் சொல்கிறேன். சவரக் கத்தியைக் கல்லில் தட்டையாக வைத்துத் தீட்டுவார்கள். முனையும் முதுகும் ஒருங்கே கல்லில் படும். முதுகின் கனமே முனையின் கோணத்தைக் காக்கும். எனவே முனை தேயத் தேய முதுகிலும் ஒரு பளபளப்பான பட்டை விழும். அந்தப் பட்டையின் அகலத்தைப் பார்த்தால் கத்தி எவ்வளவு உழைத்தது என்று ஊகிக்கலாம். என்னிடமுள்ள ஒன்று, முக்கால் அங்குலமாகப் பிறந்து அரை அங்குலத்துக்கும் கீழே வந்துவிட்டது.

கல்லிடம் கத்தி ஏன் அத்தனை முறை போகவேண்டும்? மயிரைவிட எஃகு சுமார் ஐம்பது மடங்கு கடினமானது. தோற்க வேண்டியது மயிர்தானே? 2020-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், சவரம் செய்த பிளேடுகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மயிர் சாய்வாக வளைந்து நிற்கும்போது, எஃகின் நுண்ணமைப்பு ஒரே சீராக இல்லாத இடம் பார்த்து, முனையில் சின்னஞ்சிறு சில்லு பெயர்ந்துவிடுகிறதாம். ஆக, என் கையிலிருக்கும் அந்த மெலிந்த கத்தியை மெலிய வைத்தவை ஆயிரமாயிரம் தாடைகள். பூவேலைக் கத்தியில் இந்தச் சரித்திரம் இல்லை.

இதை நான் மிகுந்த உற்சாகத்தோடு அறை நண்பரிடம் விளக்கினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். கேட்டு முடித்துவிட்டு, "கத்தியை வெல்வெட்டில் படுக்க வைத்திருக்கிறாய். அதைப் பிடித்தவனை எங்கள் ஊரில் திண்ணையில் உட்கார வைத்தார்களா, தெரியுமா?" என்றார். அவ்வளவுதான், குளிக்கப் போய்விட்டார்.

எனக்கு அன்று படிப்பு ஓடவில்லை. களத்துமேட்டில் நெல் அளந்து கொடுத்த கூலி, கட்டியை அறுத்து மருந்திட்ட கை, பிரசவம் பார்த்த அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று இவற்றில் எதையும் ஷெஃபீல்டு முத்திரை சொல்லாது. இந்த மகாராஷ்டிரத்திலும் கத்திக்கு இன்னொரு வேலை இருந்தது. பிராமண விதவைகளின் தலையை மழிப்பது. 1890-இல் பம்பாய் நாவிதர்கள், தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டேயின் தூண்டுதலால் ஒன்றுகூடி, இனி அந்த வேலையைச் செய்வதில்லை என்று தீர்மானித்தார்கள். சாஸ்திரம் படித்தவர்கள் வாதாடிக் கொண்டிருந்த விஷயத்தில், கத்தி பிடித்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். அந்தக் கத்திகளில் ஒன்று கிடைத்தால் அதற்கு விலை சொல்ல என்னால் ஆகாது. கிடைத்தாலும் அடையாளம் தெரியாது. எந்தக் கத்தியோடும் யாரும் பெயர் எழுதி வைக்கவில்லையே!

இதற்குப் பிறகுதான் ஔந்து பக்கத்தில் ஒரு முதியவரைத் தேடிப் போனேன். கடையை மகன் நடத்துகிறார். தந்தை வாசல் நாற்காலியில் இருப்பார். நான் அவரைக் 'காகா' என்று அழைப்பேன். (புதிதாக வந்திருக்கும் தம்பிகள் திடுக்கிட வேண்டாம், மராத்தியில் காகா என்றால் சிற்றப்பா.) ஜில்லெட்டின் பிளேடு 1904-இல் காப்புரிமை பெற்று வீட்டுச் சவரத்தைப் பிடித்துக்கொண்ட பிறகும், கடைகளில் முழுக் கத்தி வெகுநாள் நிலைத்தது. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதலில் கண்டறியப்பட்டு, எய்ட்ஸ் பற்றிய அச்சம் நாடெங்கும் பரவிய பின்புதான் அது ஆட்டம் கண்டது. "கண்ணெதிரே புது பிளேடை உடைத்துப் போடு என்றார்கள், பாளா. நியாயந்தான். முப்பது வருஷம் பழகிய கையை அன்றைக்கு மறக்க வேண்டியதாயிற்று" என்றார் காகா.

அவரிடம் இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்றை விலைக்குக் கேட்டேன். என் மெலிந்த கத்தியை முதலில் காட்டச் சொன்னார். கட்டை விரல் நகத்தில் முனையை மெல்ல இழுத்துப் பார்த்து, முதுகைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, "இவன் இடது கைக்காரன்" என்றார். தேய்வு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதாம். நுண்ணோக்கி எனக்குச் சொல்லாத செய்தி அது. அப்புறம், "என் கத்தியைத் தரமாட்டேன், அது என் முகத்துக்கு இன்னும் வேலை செய்கிறது. எழுதிக்கொள்" என்றார்.

எழுதிக்கொண்டேன். தொழில் பழகிய ஊர், வயது, கத்தி யாரிடமிருந்து வந்தது, எத்தனை ஆண்டு ஓடியது என்று ஓர் அட்டை நிறைய இருக்கிறது. கத்தி அவரிடம், அட்டை என்னிடம். என் பெட்டியில் இப்போது பதினொரு கத்திகளும் நான்கு அட்டைகளும் உள்ளன. அட்டைகளுக்கு உரிய கத்திகள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அறை நண்பர் இதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் ஐந்தாவது அட்டைக்குத் தம் ஊரில் ஒருவர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

விடுமுறைக்கு ஊர் போகும் அன்பர்களுக்கும் அதுவே என் வேண்டுகோள். பழைய கத்தி வைத்திருக்கும் பெரியவர் எவரேனும் இருந்தால், விலை பேசுவதற்குமுன் அவர் சம்மதத்தோடு நான்கு வரி எழுதி வாருங்கள். அவர் மனமுவந்து கத்தியையே கொடுத்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். சாணைச் சக்கரத்தில் வைக்காதீர்கள், சூட்டில் எஃகின் பதம் போய்விடும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். புகைவண்டியில் வருவோர் பெட்டியின் அடியில் வைத்துக்கொள்க. விமானத்தில் வரும் செல்வர்கள் தயவுசெய்து கைப்பையில் வைக்க வேண்டாம். பாதுகாப்பு அதிகாரியிடம் ஃபாரடேயின் கதையைச் சொல்லித் தப்ப முடியாது.